செயின்ட் கில்டா தீவுக்கு மாமனாரையும் மகளையும் அழைத்துப் போகலாமா?

ரெடிங்காரன் எழுதியது:

வணக்கம். ஜூலையில் என் மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு வாரம் எங்களோடு இருக்கப்போகிறார். 68 வயது, வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறவர், ஆனால் வலது முழங்கால் கொஞ்சம் தகராறு. போன முறை வந்தபோது லண்டனில் அருங்காட்சியகம், அரண்மனை என்று நான்கு நாள் சுற்றிக் காட்டினேன், ஐந்தாம் நாள் "மாப்பிள்ளை, கட்டடம் போதும்" என்று சொல்லிவிட்டார். இந்த முறை எங்கே போகலாம் என்று வாட்ஸாப்பில் கேட்டால் செயின்ட் கில்டா என்கிறார். ஊரே கூடி மனு எழுதிக் கொடுத்துவிட்டுத் தீவைக் காலி செய்த கதையை எங்கேயோ படித்திருக்கிறார். பதினொரு வயது மகளும் பஃபின் பறவைகள் அங்கேதான் அதிகம் என்று கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே கட்சி.

வரைபடத்தில் பார்த்தேன். ஸ்காட்லாந்தைத் தாண்டி, அதற்கு மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளையும் தாண்டி, நடுக்கடலில் இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒருநாள் படகுக்கு ஆளுக்கு இருநூறு பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். எனக்கோ மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற பஸ்ஸிலேயே எலுமிச்சம்பழம் கையில் இருக்க வேண்டும். யாராவது போயிருக்கிறீர்களா? இவ்வளவு தூரம், இவ்வளவு செலவு, நாலு மணி நேரம் தீவில் இருப்பதற்குத் தகுமா? இல்லை, பேசாமல் ஸ்கை தீவோடு திரும்பிவிடலாமா?


வடக்குநடையன் எழுதியது:

இரண்டு முறை கிளம்பி ஒரு முறை போய்ச் சேர்ந்தவன் நான், அதனால் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹெப்ரிடீஸில் உள்ள ஹாரிஸ் தீவின் தெற்கு முனையில் லெவர்பரோ என்று ஒரு சின்னத் துறைமுகம் இருக்கிறது, பெரும்பாலான படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. (நம் வீட்டில் எல்லாம் இருந்ததே சன்லைட் சோப்பு, அந்த லீவர் கம்பெனி முதலாளி லீவர்ஹியூம் பிரபு முதல் உலகப்போர் முடிந்த கையோடு இந்தத் தீவை வாங்கி, பெரிய மீன்பிடித் துறைமுகம் ஆக்குகிறேன் என்று தன் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டுப் போனார். துறைமுகம் ஆகவில்லை, பெயர் நின்றுவிட்டது.) முதல் முறை அங்கே போய் இரண்டு நாள் காத்திருந்தோம். வெயில் பளீரென்று அடித்தது, வானத்தில் மேகம் இல்லை, ஆனாலும் படகு போகாது என்றார்கள். எனக்குக் கோபம். அப்புறம்தான் புரிந்தது. செயின்ட் கில்டாவில் மக்கள் வாழ்ந்த ஒரே தீவு ஹிர்டா, அதில் இறங்குவதற்கு வசதியான இடம் வில்லேஜ் பே என்கிற விரிகுடா மட்டும்தான், அது தென்கிழக்கு பார்த்தது. தென்கிழக்குக் காற்று அடித்தால் அலை நேராக உள்ளே வரும். பெரிய படகு நங்கூரம் போட்டு நிற்க, நாம் ஒரு ரப்பர் படகில் மாறி, படித்துறையில் கையைப் பிடித்து ஏற வேண்டும். அலை ஓர் ஆள் உயரம் ஏறி இறங்கும்போது உங்கள் மாமனாரை யார் ஏற்றிவிடுவது? வெயில் முக்கியமே இல்லை, காற்றுதான்.

அதனால் படகுக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு நாள் ஒதுக்கச் சொல்வார்கள், ஒன்று பதிவு செய்த நாள், இன்னொன்று உபரி. நீங்கள் மூன்றாக ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஹாரிஸில் இன்னமும் ஞாயிறு என்றால் கடை கண்ணி பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், சாப்பாட்டுக்கே முதல் நாள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். காத்திருக்கிற நாள் வீண் என்று நினைக்காதீர்கள், லஸ்கென்டயர் கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தத் தண்ணீர் நிறத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி படகே வேண்டாம் என்றாள்.

ரெடிங்கிலிருந்து காரில் போனால் உல்லாபூல் வரை ஆயிரம் கிலோமீட்டர் வாக்கில் வரும், அங்கிருந்து ஸ்டோர்னோவேக்குக் கப்பல், பிறகு ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். இல்லை என்றால் ஸ்கையில் ஊயிக் என்ற ஊரிலிருந்து ஹாரிஸில் உள்ள டார்பர்ட்டுக்குக் கப்பல். ஊயிக்கிலிருந்தே நேராகக் கில்டாவுக்குப் போகிற படகும் உண்டு, ஆனால் கடலில் இருக்கும் நேரம் கூடும். லெவர்பரோவிலிருந்து என்றால் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. உங்கள் வயிற்றுக்கு அதுவே போதும்.

பஃபின் பார்க்க வேண்டும் என்றால் ஜூலை மூன்றாம் வாரத்துக்குள் போய்விடுங்கள். ஆகஸ்ட் பிறந்தால் அவை கடலுக்குக் கிளம்பிவிடும், மகள் ஏமாந்து போவாள்.

இறங்கிய பிறகு என் யோசனை: தெருவை அரை மணியில் பார்த்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள். கோனக்கர் என்ற சிகரத்துக்கும் ஓசிவால் மலைக்கும் நடுவே ஒரு பள்ளம், கேப் என்பார்கள், கிராமத்திலிருந்து புல்சரிவில் முக்கால் மணி நேர ஏற்றம். ஏறிக்கொண்டே இருப்பீர்கள், பச்சைப் புல், ஆடு, ஒன்றும் தெரியாது, திடீரென்று தரை முடிந்துவிடும். கீழே கடல். எதிரே போரரே தீவும் அதன் இரண்டு பாறைத் தூண்களும் நிற்கும். வேலி கிடையாது, பலகை கிடையாது, மகள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோனக்கர் 430 மீட்டர், அதன் கடல் பக்கம் கிட்டத்தட்ட உச்சியிலிருந்தே நேராக இறங்குகிறது, பிரிட்டனிலேயே உயரமான கடற்பாறைச் சுவர். இதை விட்டுவிட்டு இடிந்த வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தால் பிறகு வருத்தப்படுவீர்கள்.


கல்லும்புல்லும் எழுதியது:

மேலே நண்பர் சொன்ன கடல், காற்று விஷயமெல்லாம் அப்படியே சரி. ஆனால் "தெருவை அரை மணியில் பார்த்துவிட்டு" என்பது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் மாமனார் கேட்டது பாறையை அல்ல, அந்தத் தெருவைத்தான்.

அது ஒரே ஒரு தெரு. வளைந்து போகிற பிறை போல, கடலைப் பார்த்தபடி 16 வீடுகள், 1860களில் கட்டியவை. அவற்றுக்கு நடுநடுவே அதற்கு முந்தைய காலத்துக் குடிசைகளின் சுவர்கள், அங்கே ஒரு பக்கம் மாடும் ஒரு பக்கம் மனிதர்களும் இருந்தார்கள். சில வீடுகளுக்கு மறுபடி கூரை போட்டிருக்கிறார்கள், ஒன்றில் சின்ன அருங்காட்சியகம். மற்றதெல்லாம் வெறும் சுவரும் அடுப்புக் குழியும்தான். வீட்டுக்கு வீடு நின்று பாருங்கள்.

நிமிர்ந்து மலையைப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் கல்லால் அடுக்கிய, மேலே புல்மண் மூடிய சின்னச் சின்ன மேடுகள் தெரியும். கிளீட் என்று பெயர், ஹிர்டாவில் மட்டும் ஆயிரத்து இருநூறுக்கு மேல் இருக்கின்றன. சாந்து கிடையாது. கல் இடுக்கு வழியே காற்று நுழைந்து உள்ளே இருப்பதை உலர்த்தும், மேலே உள்ள புல்மண் மழையைத் தடுக்கும். உள்ளே வைத்தது என்ன தெரியுமா, பறவை. நாம் கருவாடு போடுவது போல அவர்கள் கேனட், ஃபுல்மார், பஃபின் எல்லாவற்றையும் உலர்த்தி வைத்தார்கள். மரமே இல்லாத தீவு, விறகு இல்லை, புயலில் படகு இறக்க முடியாது, அதனால் மீனை விடப் பறவைதான் சோறு. ஆண்கள் கயிறு கட்டிக்கொண்டு வெறுங்காலில் அந்தப் பாறைச் சுவர்களில் இறங்கி முட்டையும் குஞ்சும் எடுத்தார்கள். வாடகையையும் மெக்லாய்டு நிலப்பிரபுவுக்கு இறகாகவே கட்டினார்கள். தினமும் காலையில் ஆண்கள் எல்லாரும் தெருவில் கூடி இன்றைக்கு என்ன வேலை என்று பேசுவார்கள், வெளியூர்க்காரர்கள் அதற்குப் "பாராளுமன்றம்" என்று பெயர் வைத்தார்கள். தலைவர் கிடையாது. பேச்சு நீண்டுபோய் அன்றைக்கு வேலையே நடக்காத நாளும் உண்டாம். நம் ஊர் டீக்கடை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

1697இல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் போய்ப் பார்த்து எழுதியபோது 180 பேர் இருந்தார்கள். 1727இல் பெரியம்மை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மூன்று ஆண்களையும் எட்டுப் பையன்களையும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறைத் தூணில் (196 மீட்டர் உயரம்) இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அவர்களைக் கூப்பிட்டு வர ஆளே இல்லாமல் ஊர் செத்துப்போனது. அடுத்த மே மாதம் வரை அந்தப் பதினொரு பேரும் பாறையிலேயே கிடந்து பிழைத்தார்கள். படகு திரும்பும்போது அந்தத் தூணைச் சுற்றிக் காட்டுவார்கள், லட்சத்துக்கு மேல் கேனட் பறவைகள் தலைக்கு மேல் சுற்றும், எல்லாரும் கேமராவைத் தூக்குவார்கள். நான் அந்தப் பையன்கள் குளிர்காலத்தில் எங்கே ஒண்டியிருப்பார்கள் என்று இடுக்கு இடுக்காகத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு 1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், வழியிலேயே பலர் இறந்தார்கள். பிறக்கிற குழந்தைகள் ஒரு வாரத்தில் டெட்டனஸ் வந்து சாவதும் பல தலைமுறைக்கு நடந்தது, 1890களில் ஆங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் பிரசவத்தில் சுத்தம் பார்க்க வைத்த பிறகே அது நின்றது. 1918 மே மாதம் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி வந்து கம்பியில்லாத் தந்தி நிலையத்தைக் குண்டுபோட்டு உடைத்தது, உயிர்ச்சேதம் ஓர் ஆட்டுக்குட்டி. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்து வைத்த பீரங்கி ஒரு முறைகூடப் போரில் சுடாமல் இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மகளுக்குக் காட்டுங்கள்.

கடைசியில் 1930 ஜனவரியில் ஓர் இளம்பெண் இறந்தாள், அப்பெண்டிசைட்டிஸ் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். இளைஞர்கள் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள், கயிறு பிடிக்கவும் துடுப்புப் போடவும் ஆள் இல்லை. மே மாதம் மனு. ஆகஸ்ட் 29, எச்.எம்.எஸ். ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பல், மிச்சமிருந்த 36 பேர். கிளம்புகிற காலையில் வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி ஓட்ஸும் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். ஆடுகளை முன்னாலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாய்களைக் கொண்டுபோகவில்லை, கல்லைக் கட்டிக் கடலில் போட்டுவிட்டார்கள், இதை மகளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

அரசாங்கம் அவர்களில் பலரைக் கொண்டுபோய் வைத்தது ஸ்காட்லாந்து நிலப்பரப்பில் மார்வர்ன் பகுதியில், கொடுத்த வேலை காட்டிலாகாவில். வாழ்நாளில் மரம் பார்க்காதவர்களுக்கு!


தீவகத்தான் எழுதியது:

நான் மூன்று வருடத்துக்கு முன் போனேன், பெடியளோடு. கல்லும்புல்லும் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

வழிகாட்டி அந்தப் பைபிள், ஓட்ஸ் கதையைச் சொன்னபோது எங்களோடு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லோரும் "ஐயோ பாவம்" என்று நின்றார்கள். என் மனைவி மெதுவாகக் கேட்டாள், சாவியை என்ன செய்தார்கள் என்று. 1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது அவளுடைய அம்மா வீட்டைப் பூட்டி, சாவியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வந்தவ. அந்தச் சாவி இப்போது லண்டன் டூட்டிங்கில் எங்கள் சாமியறையில் கிடக்கிறது. வீடு இல்லை.

வித்தியாசமும் இருக்கிறது, இவர்கள் தாங்களே கேட்டுப் போனவர்கள், கப்பல் வந்து ஏற்றியது. நாங்கள் செம்மணி வெளியில் மழைக்குள் நடந்தோம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஆனாலும் அந்தத் தெருவில் அரை மணித்தியாலம் போதாது என்ற கட்சிதான் நானும்.

அங்கே ஆளில்லாத கல் மதில்களைப் பார்த்தபோது எனக்கு யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவுதான் ஞாபகம் வந்தது. அங்கும் சாந்து இல்லாமல் பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், குதிரைகள் தன்பாட்டில் திரியும். மலை மட்டும் இல்லை.


ரெடிங்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தீவகத்தான் அண்ணா, உங்கள் பதிலை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன், சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "டிக்கெட் போடு" என்றார்.

சில நடைமுறைக் கேள்விகள். சாப்பாடு என்ன செய்வது? கழிப்பறை உண்டா? முழங்கால் வலிக்காரர் அந்தக் கேப் வரை ஏற முடியுமா? தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகலாம் என்று மனைவி சொல்கிறாள்.


வடக்குநடையன் எழுதியது:

தயிர்சாதம் வேண்டவே வேண்டாம். அந்தப் படகு அலைமேல் குதித்துக் குதித்துப் போகும், பைக்குள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புளியோதரை, சப்பாத்தி உருளை, வாழைப்பழம். காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், காலியாகவும் போகாதீர்கள். மாத்திரையைப் படகேறுவதற்கு ஒரு மணி முன்பே போட்டுவிடுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. எனக்கு உதவியது இஞ்சி மரப்பா, மாமனாரிடம் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். வெளியே பின்பக்கம் நின்று தொடுவானத்தையே பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.

தீவில் சாப்பாட்டுக் கடை கிடையாது. கழிப்பறை உண்டு. தீவைப் பராமரிக்கிற ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டின் சின்னக் கடை ஒன்று உண்டு, அட்டைகள், வரைபடம் வாங்கலாம். கொண்டுபோன குப்பையெல்லாம் திரும்பி வர வேண்டும். கிளம்புவதற்கு முன் பையைக் கொட்டிப் பாருங்கள், சும்மா சொல்லவில்லை, ஒரே ஒரு சினை எலி பையில் ஏறி வந்தால் வளையில் முட்டையிடும் அத்தனை பறவைக்கும் ஆபத்து. கரையில் தீவுக் காவலர் ஒருவர் வந்து இதையெல்லாம் சொல்லித்தான் உள்ளே விடுவார்.

முழங்காலுக்கு: ராணுவம் 1957இல் ரேடார் வைக்க வந்தபோது மலைமேல் ஒரு சாலை போட்டது. ஆம், ஆளில்லாத் தீவு என்று நினைத்துப் போனால் இறங்கியதும் கண்ணில் படுவது ராணுவக் கட்டடம்தான், படங்களில் அதைத் தவிர்த்துவிடுவார்கள். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, ஆனால் அந்தச் சாலை செங்குத்து என்றாலும் கால் வைக்க உறுதியான தரை, புல்சரிவு போல வழுக்காது. மாமனார் அதில் முடிந்த வரை ஏறலாம், பாதியிலேயே முழு விரிகுடாவும் தெரியும். சரி, தெரு விஷயத்தில் இரண்டு பேர் சொல்கிறீர்கள், தோற்றுப்போனேன், அவரைத் தெருவில் விட்டுவிட்டு நீங்களும் மகளும் மேலே போங்கள்.

மேலே போகும்போது பான்க்ஸி என்கிற பெரிய பழுப்புப் பறவை கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தலையைக் குறிவைத்துப் பாயும். நடைக்கோலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள், கோலைத்தான் தாக்கும். ஆடுகளும் பார்க்க வேண்டியவை. இவை ஊர்க்காரர்கள் விட்டுப்போனவை இல்லை, 1932இல் பக்கத்து சோயே தீவிலிருந்து கொண்டுவந்த 107 ஆடுகளின் வம்சம். யாரும் தீனி போடுவதில்லை, வைத்தியம் இல்லை. சில குளிர்காலங்களில் பாதிக்கு மேல் செத்துப்போகும், எலும்பு அங்கங்கே கிடக்கும். 1985 முதல் ஒவ்வோர் ஆட்டுக்கும் காதில் எண் மாட்டிக் கணக்கு வைக்கிறார்கள். குளிர் குறைந்ததால் நோஞ்சான் குட்டிகளும் பிழைத்து, ஆட்டின் சராசரி உடம்பே சிறுத்துக்கொண்டு வந்ததாக அதில் கண்டுபிடித்தார்கள்.


மெல்பன்மீனா எழுதியது:

இங்கே மெல்பனில் செயின்ட் கில்டா என்பது கடற்கரை, கேக் கடை, டிராம். அந்தப் பெயர் லேடி ஆஃப் செயின்ட் கில்டா என்ற ஒரு பாய்மரக் கப்பலிலிருந்து வந்தது. அந்த லேடி யார் என்று தேடிப் போனால் லேடி கிரேஞ்ச், எடின்பரோ நீதிபதி ஒருவரின் மனைவி. கணவனின் அரசியல் ரகசியங்களை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டியதால் 1732இல் அவளைக் கடத்த வைத்து, ஊருக்குச் செத்துப்போனாள் என்று காட்டி ஈமச்சடங்கும் நடத்தி, 1734லிருந்து ஆறு வருடம் போல ஹிர்டாவில் அடைத்துவைத்தான் அந்த ஆள். கிராமத்துப் புல்வெளியில் ஒரு கிளீட்டை அவள் வீடு என்று காட்டுவார்களாம். யாராவது பார்த்தால் எனக்கொரு படம் அனுப்புங்கள். கில்டா என்று ஒரு புனிதரே கிடையாது என்பது தனிக்கதை.


ரெடிங்காரன் எழுதியது:

போய் வந்துவிட்டோம், சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

பதிவு செய்த நாள் ரத்து. உபரி நாள் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். போகும்போது மரப்பா காப்பாற்றியது, திரும்பும்போது காப்பாற்றவில்லை, அதற்கு மேல் விவரம் வேண்டாம். மாமனார் முழுநேரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார், உவரிப் பக்கம் வள்ளத்தில் போன பழக்கமாம்.

நானும் மகளும் கேப் வரை ஏறினோம். வடக்குநடையன் சொன்ன மாதிரியே தரை முடிந்துவிட்டது, நான் உட்கார்ந்துவிட்டேன், எழுந்து நிற்கக் கால் வரவில்லை. அவள் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்து ஃபுல்மார் எண்ணினாள். பஃபின் நிறைய, பெரும்பாலும் படகிலிருந்து. பான்க்ஸி ஒன்று என் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது.

கீழே வந்து பார்த்தால் மாமனாரைக் காணோம். கடைசி வீட்டுச் சுவரோரம் காவலரிடம் பேசிக்கொண்டிருந்தார், அவருடைய ஆங்கிலம் இவருக்கும் இவருடையது அவருக்கும் பாதிதான் புரிந்திருக்கும், இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். சாலையில் ஏறவே இல்லை. நோட்டில் 16 வீட்டுக்கும் வரைபடம் போட்டு, எந்த வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருக்கிறார். மீனா, லேடி கிரேஞ்ச் கிளீட் படம் தனியாக அனுப்புகிறேன், பக்கத்தில் நிற்கும் ஆடு இலவசம்.

தீவகத்தான் அண்ணா, சாவி பற்றிக் காவலரிடமும் கேட்டாராம், என்ன பதில் வந்தது என்று இன்னும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் கேட்கச் சொல்வது வேறு: குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் காலையில் முதல் படகு எத்தனை மணிக்கு, அங்கே இரவு தங்க இடம் கிடைக்குமா?